நோயாளிக்கு உறவுமுறை

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், சித்திரை வெயிலிலும் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு அவர் படுகிற பாடு வீணாகிவிடும். அது ஏன் என்பது பின்னால் வரும்.

எனக்குக் காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடை. அரசு ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில், டீக்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் ஓர் ஆள் திரும்ப மட்டும் இடமுள்ள கடை. ஜெராக்ஸ் கடைக்காரனுக்குப் பொறுமை இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கும் கிடையாது. எட்டாய் மடித்து வியர்வையில் ஊறிப்போன காகிதத்தை நீட்டி, "பளிச்சுனு வரணும்" என்பவர்களிடம் நான் பேசும் பேச்சுக்குப் பழக்கடை அம்மாள் காதைப் பொத்திக்கொள்வாள். நான் திட்டாத ஒரே ஆள் அவர்தான். காகிதங்களை ஒரு பழைய நோட்டுக்குள் வைத்து, சுருக்கம் நீவி, எதற்கு எத்தனை பிரதி என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவார்.

"ரேஷன் கார்டு ரெண்டு, இன்சூரன்ஸ் அட்டை மூணு, எக்கோ ரிப்போர்ட் ஒண்ணு. நிதானமா போடுபா, பஸ்ஸுக்கு நேரம் இருக்குது."

அந்தக் காகிதங்கள் எதுவும் அவருடையவை அல்ல. எல்லாம் அடுத்தவர்களுடையவை. எங்கள் பக்கத்தில் யாரையாவது சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் டாக்டரின் சீட்டு வேண்டும். இரண்டாவது அவர் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளியுடன் ஓர் ஆள் இருந்தே தீரவேண்டும். அட்டெண்டர் என்பார்கள். மருந்து வாங்க, ரத்தம் கொண்டுவர, கூப்பிட்ட குரலுக்கு ஓட, கையெழுத்துப் போட. வீட்டில் எல்லோருக்கும் வேலை, பிள்ளை, பரீட்சை, தறியில் பாதியில் நிற்கும் புடவை. அவருக்கு இவை எதுவும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்தின் கடைசியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அதனால் ஊருக்கே அவர் அட்டெண்டர்.

தாமல் ஊர்க்காரர் ஒருவருக்குச் சிறுநீரகக் கல். செட்டித் தெருவில் தெலுங்கு பேசும் குடும்பத்து அம்மாளுக்குக் கர்ப்பப்பை. காலனியில் பிளம்பர் வேலை பார்ப்பவரின் அப்பாவுக்குக் கால் விரல். ஜாதி, தெரு, பேச்சு எதையும் பார்க்கமாட்டார். பச்சை, வெள்ளை வயரில் பின்னின கூடைப்பை ஒன்று வைத்திருந்தார். அதில் ஒரு போர்வை, ஒரு பிளாஸ்க், ஒரு டம்ளர், பேனா, ஊக்கு, பழைய நாளிதழ் நாலு தாள். அந்தப் பையோடு அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தால் ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். "இன்னிக்கு யாருக்குண்ணா?" என்று கேட்பார்கள். சில நாளில் அதையும் கேட்கமாட்டார்கள். யாரோ ஒருத்தருக்கு.

ஒருமுறை கேட்டேன். "இவ்வளவு ஆஸ்பத்திரி சுத்துறியே, அங்க உனக்கு இன்னாதான்ணா வேலை?"

"கண்ணு தொறந்தா ஒரு மூஞ்சி தெரியணும்பா. அவ்ளோதான் வேலை."

அவர் தொழிலும் ஏறக்குறைய அதுதான். எங்கள் ஊர்ப் பட்டில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்த்து நெய்யும்போது ஒருவரால் ஆகாது. தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு ஒரு பக்கத்துக் கரை கைக்கு எட்டும். மறுபக்கத்துக் கரைக்கு நாடா போட, அதாவது ஊடை நூலைச் செலுத்த, இன்னொருவர் பக்கத்தில் குந்த வேண்டும். சாதாரணமாக வீட்டில் மனைவி குந்துவாள், அல்லது தொழில் கற்கிறவர்கள் சில வருடம் குந்திவிட்டுத் தனித் தறிக்குப் போவார்கள். இவர் மட்டும் போகவே இல்லை. தலை நரைத்த பிறகும் அடுத்தவர் தறியில் கரைக்கு நாடா போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று முறை அவர் அப்பா அவரைத் தறியில் உட்கார வைத்திருக்கிறார். குழியில் காலை விட்டு மிதி மிதிக்க மிதிக்க நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்ததாம். எழுந்துவிட்டார். "சோம்பேறி" என்று அப்பா சொன்னது தெருவுக்குக் கேட்டது. தெரு அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

தேர் சமயத்திலும் அப்படித்தான். நாலு ராஜ வீதியும் சனம் நெருங்கி வடம் பிடிக்கையில், இவர் ஓரமாகத் தண்ணீர்க் குடத்தோடு நடப்பார். "இன்னாண்ணா, கயிறு கடிக்குமா?" என்று கிண்டல் செய்வோம். நானும் செய்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்.

கல்யாணப் பேச்சு ஒன்று வந்ததாக என் அம்மா சொல்வாள். ஆரணிப் பக்கத்துப் பெண். பார்க்கப் போன நாளில் பஸ் தாமதமாகி, நல்ல நேரம் தவறக் கூடாதென்று எல்லோரும் ஓட, இவரும் ஓட, பெண் வீட்டு வாசலுக்குப் பத்தடி முன்னால் மயங்கி விழுந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு வலிப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வலிப்பு கிடையாது. ஆனால் அதன்பிறகு எந்த வீட்டிலும் காபி கொடுக்கக் கூப்பிடவில்லை. அவரும் ஓடுவதை விட்டுவிட்டார். நான் பார்த்த காலம் முழுக்க, மழை வந்தாலும் அவர் நடந்துதான் வருவார்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கடையில் நெரிசல். ஏனாத்தூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பதினைந்து பேர் புராஜெக்ட் தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று நின்றார்கள். மெஷின் நாலு தாளுக்கு ஒருமுறை மென்று துப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் அவர், கூடைப்பையோடு. நோட்டைத் திறந்து காகிதங்களை நீட்டினார். வழக்கம்போல ஓரத்தில் பென்சில் குறிப்பு. ஆதார் ரெண்டு, இன்சூரன்ஸ் அட்டை மூணு, சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் ரெண்டு, அட்மிஷன் பாரம் ஒண்ணு. வாங்கினேன், போட்டேன், கொடுத்தேன். எதையும் படிக்கவில்லை. படிக்காமல் பிரதி எடுப்பதுதான் என் தொழில். பதினெட்டு வருடமாக ஊரார் சொத்து, சாவு, விவாகரத்து எல்லாம் என் கண்ணெதிரே ஓடியிருக்கிறது, ஒன்றும் என் தலைக்குள் போனதில்லை.

அதோடு விடாமல் ஒரு வேலையும் வைத்தேன். "சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே போறே? அம்மாவோட கண்ணு ஸ்கேன் ரிப்போர்ட் அங்க கவுண்டர்ல கெடக்குது. வாங்கிக்கினு வந்துடுண்ணா." சீட்டை அவர் சட்டைப் பையில் நானே செருகினேன்.

"சரிப்பா" என்றார். ஒரு நிமிடம் நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் போலத்தான் இருந்தது. ஒரு பெண் பிள்ளை, "அண்ணா, சீக்கிரம்ணா" என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் போயிருந்தார்.

பிள்ளைகளின் தாளெல்லாம் மெஷினின் மேல் தட்டு வழியாகவே ஓடின. அவர்கள் போனபிறகு, ஒருவர் பத்திரத்தோடு வந்தார். மெஷின் மூடியைத் தூக்கினேன். கண்ணாடி மேல் ஒரு தாள் கிடந்தது. ஜெராக்ஸ் கடையில் இது தினப்படி நடப்பதுதான்; கடைசித் தாளை எல்லோரும் மறந்துவிட்டுப் போவார்கள். எடுத்து யாருடையது என்று பார்த்தேன். அட்மிஷன் பாரம். அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. நோயாளி பெயர் என்ற இடத்தில் அவர் பெயர். உடனிருப்பவர் என்ற இடத்திலும் அவர் பெயர். நோயாளிக்கு உறவுமுறை என்ற கட்டத்தில், தெரிந்தவர்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எத்தனையோ பாரங்களில் உடனிருப்பவர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதி எழுதி அவர் கை பழகியிருக்கிறது. உறவு என்று கேட்டால் எல்லாவற்றிலும் தெரிந்தவர் என்றே எழுதுவார். நோயாளி பெயரை எழுத வேண்டிய இடத்திலும் மனுஷன் தன் பெயரையே போட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கீழே பார்த்தேன். வயது நாற்பத்தொன்பது. அவர் வயது. முகவரி, அந்தச் சந்து. அதற்குக் கீழே டாக்டர் கையில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு வியாதிப் பெயர், அதில் இதயம் சம்பந்தப்பட்ட ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அதன் பக்கத்தில், ஆபரேஷன், மறுநாள் தேதி.

அவர் நோயாளி பெயரைத் தப்பாக எழுதவில்லை. உடனிருக்க ஆள் இல்லாமல், அந்த இடத்தில்தான் தன் பெயரை எழுதியிருந்தார்.

போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குள் போனால் அவர் போனை அணைத்துவிடுவார், நோயாளி தூக்கம் கெடக் கூடாதென்று. அவர் வேலை செய்யும் தறி வீட்டுக்காரரிடம் ஓடினேன். "யாரையோ இட்டுக்கினு போயிருக்காரு. தாமல்காரர் மாமனாருக்குன்னு நெனைக்கிறேன்" என்றார். தாமல்காரருக்குப் போன் போட்டால், "இல்லீங்க, அது செட்டித் தெரு அம்மாவுக்கா இருக்கும்" என்றார். செட்டித் தெருவில், "மேமு பாகுன்னாம்பா, நாங்க நல்லாத்தான் இருக்கோம். உங்க கடைப் பக்கத்துலதான் யாரோ" என்றார்கள். பையோடு போனவரை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கூட யாரோ இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. சாயங்காலம் வியாபார நேரம், காலையில் போனால் ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வார்டில் அவர் கட்டில் காலியாக இருந்தது. சுற்றுமுற்றும் தேடினேன். பார்த்தால், ஆஸ்பத்திரிப் பச்சை அங்கியோடு அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் குந்திக்கொண்டு, அந்தக் கட்டில் பெரியவருக்கு டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "அந்தப் பேப்பர் குடுக்கவா வந்தே? கடைய மூடிட்டா? ஜெராக்ஸ வெச்சே சேத்துக்கினாங்களே."

"ஆபரேஷன் இன்னா ஆச்சு?"

"நாளைக்குத் தள்ளிட்டாங்கபா. கையெழுத்துப் போட ஆள் வேணும்னாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"வர்றாங்கன்னு சொன்னேன்."

"யாரு?"

அவர் டம்ளரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "யாராவது" என்றார். பிறகு ஞாபகம் வந்தவராகத் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "இந்தா, அம்மா ரிப்போர்ட். வந்த ஒடனே வாங்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் அந்தப் பெரியவரைக் காட்டி, மெதுவாகப் பேசு என்று கையை அசைத்தார்.

விஷயம் இரண்டு மாதத்துக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. பிளம்பரின் அப்பாவுக்காக ரத்தம் வாங்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரி மாடிப்படியில் வேகமாக ஏறியிருக்கிறார். லிப்ட் கிடைக்கவில்லை. மூன்றாவது மாடியில் விழுந்துவிட்டார். ரத்தப் பையை மட்டும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாராம். தூக்கிப் படுக்க வைத்து, "உங்க அட்டெண்டர் யாருங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தாங்க அட்டெண்டர்" என்றாராம். அதற்குப் பிறகு நடந்த சோதனைகளுக்கெல்லாம் தனியாகப் போய் வந்திருக்கிறார். அந்த நாட்களிலும் நாங்கள் அந்தப் பையைப் பார்த்திருப்போம்.

டாக்டர் அம்மா எனக்குப் படம் போட்டுக் காட்டினார். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் இரண்டு. ஒன்று இடது பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும், ஒன்று வலது பக்கத்திலிருந்து. "இவருக்குப் பிறவியிலேயே வலது குழாய் இடம் மாறி இடது பக்கத்துல கிளம்புது. பெரிய ரத்தக்குழாயோட சுவருக்குள்ளயே கொஞ்ச தூரம் படுத்துப் போயி, ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல நுழையுது. சும்மா உட்கார்ந்திருந்தா ஒண்ணும் தெரியாது. ஓடினா, படி ஏறினா, பெரிய குழாய்ங்க விரியும். நடுவுல இது நசுங்கும். சில பேருக்கு விளையாடும்போதே உயிர் போயிடும். நாற்பத்தொன்பது வருஷம் இவர் எப்படிங்க ஓட்டினாரு?"

"ஓட்டலைங்க டாக்டர். உக்காந்திருந்தாரு" என்றேன்.

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. தறிக் குழியில் அடைத்த நெஞ்சும், பிடிக்காத தேர் வடமும், ஆரணிப் பெண் வீட்டு வாசலும் ஒரு விரல் நீளம்கூட இல்லாத அந்தக் குழாயால் வந்தவை. சோம்பேறி என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்குப் பொருந்தவே இல்லை.

கம்பி வைத்து அடைப்பு எடுக்கிற விஷயம் இல்லையாம் இது. நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு, அந்தக் குழாய் படுத்திருக்கும் சுவரை உள்பக்கமாக வெட்டித் திறந்து, சரியான இடத்தில் அதன் வாயை அகலமாக்கித் தைக்க வேண்டும். ஆபத்து உண்டு என்றார். செய்யாவிட்டால் அடுத்த மாடிப்படியில் அதைவிட ஆபத்து என்றார்.

நர்ஸ் சம்மதப் பாரத்தைக் கொண்டுவந்தாள். என் பெயர், முகவரி, போன் எழுதினேன். நோயாளிக்கு உறவுமுறை என்ற கட்டத்தில் பேனா நின்றது. தம்பி என்று எழுத நினைத்தேன். பதினெட்டு வருடமாக அண்ணா என்று கூப்பிடுகிறவன் வேறு என்ன எழுதுவான்? ஆனால் எத்தனையோ பேருடைய தகராறுகளைப் பிரதி எடுத்தவனுக்குக் காகிதம் என்றால் பயம். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், நீ எந்த ஊர்த் தம்பி, எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று யாராவது கேட்டால்? தெரிந்தவர் என்று எழுதினேன்.

"சொந்தக்காரங்க யாரும் இல்லீங்களா?" என்றாள் நர்ஸ்.

அவர் கட்டிலிலிருந்து எட்டிப் பாரத்தைப் பார்த்தார். "தெரிஞ்சவருதாம்மா. சரியாத்தான் எழுதியிருக்காரு. போதும்."

மறுநாள் காலையில் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போதுகூட எனக்குத்தான் பாடம். "கதவுக்கு நேரா குந்தாத, ஆளுங்க போறப்ப வர்றப்பல்லாம் மனசு அடிச்சிக்கும். டாக்டர் வந்தா மூஞ்சியப் பாக்காத, காலப் பாரு. நல்ல சேதின்னா நேரா வரும். இல்லன்னா கொஞ்சம் நின்னு நின்னு வரும்."

ஐந்தரை மணி நேரம். அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் இரண்டு பேர், நாலு பேர் இருந்தார்கள். அவருக்கு நான் ஒருத்தன், அதுவும் ஒரு நாள் தாமதமாக வந்தவன். இத்தனை வருடம் இந்த நாற்காலிகளில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தேன். எனக்கு இரண்டாவது மணி நேரத்திலேயே இடுப்பு விட்டுப்போனது. கடைசியில் டாக்டர் அம்மா வந்தார். காலைப் பார்த்தேன். நேராக வந்தது.

கண் விழிக்க நேரமாகும் என்றார்கள். பசி. கேன்டீனுக்குப் போனேன். இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, கடைக்கு யாராவது வந்தார்களா என்று பழக்கடை அம்மாளுக்கு ஒரு போன் போட்டுவிட்டு வந்தேன். அந்த இருபது நிமிடத்தில் அவர் கண் திறந்திருக்கிறார்.

"உங்களைத்தான் கூப்பிட்டோம், காணோமே" என்றாள் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். "கதவையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் மூடிக்கிட்டாரு."

உள்ளே விட்டார்கள். தொண்டைக் குழாய் எடுத்த பிறகு, காற்று மாதிரி ஒரு குரலில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சாப்டியா?"

ஊருக்குத் திரும்பினார். மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். தெரு அவரைத் தாங்கியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் ரசம் சாதம். விஷயம் தெரிந்து எல்லோருக்கும் மனது கஷ்டப்பட்டிருந்தது. அவரைப் பார்த்தாலே குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மூன்று மாதம் முடிந்தது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், வேலை செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சந்தோஷமாகக் கடைக்கு வந்து நின்றார்.

"மூச்சு இன்னா மாதிரி வருது தெரியுமா? இப்பதாம்பா எங்க வேணா ஓடலாம். யாராவது போறாங்களா?"

யாரும் போகவில்லை. அதாவது, அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நெஞ்சைப் பிளந்து தைத்த ஆளை அலைய வைக்கலாமா? பாவம் இல்லையா? தறி வீட்டுக்காரர் கரைக்கு நாடா போடத் தன் மருமகளை உட்கார வைத்துவிட்டார். "நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணா" என்றார். அந்த வருடத் தேருக்கு அவர் முதல்முறையாகச் சட்டை முழங்கையை மடித்துவிட்டு வடத்தில் கை வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் சேர்ந்து அவர் கையை எடுத்துவிட்டார்கள். "இன்னாண்ணா நீ, ஆபரேஷன் ஆன ஒடம்பு. ஒதுங்கி நில்லு." அவரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுச் சனம் நகர்ந்தது. தண்ணீர்க் குடத்தைக்கூட அந்த முறை வேறு யாரோ வைத்திருந்தார்கள்.

தினமும் காலையில் பையோடு கடைக்கு வருவார். கொஞ்ச நேரம் நிற்பார். "யாராவது போறாங்களா?" நான், "இல்லண்ணா" என்பேன். பொய். என் மெஷினில் அந்தக் காகிதங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். நான் என் மச்சானைக் கூட்டிக்கொண்டேன். நல்லதுக்குத்தான் என்று சத்தியமாக நம்பினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகு பார்க்கிறேன், பஸ் ஸ்டாண்டில் அவர் நிற்கிறார். எப்படித் தெரிந்ததோ. ஜன்னல் பக்கம் வந்தார். மச்சானைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

"சொட்டு மருந்து போட்ட ஒடனே கண்ணைக் கசக்க உடாத. பாத்ரூமுக்கு நீ கூட போ, தனியா அனுப்பாத" என்றார். பிறகு கையிலிருந்த கூடைப்பையை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "எல்லாம் இதுல இருக்குது."

டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். நாலு நாள் கழித்து ஊர் திரும்பி, பையைக் கொடுக்கலாம் என்று போனேன். அறை பூட்டியிருந்தது. தென்னேரி ஏரிப் பக்கம் ஒரு தறிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே போய் வந்த ஒருவர் சொன்னார்: "வெயில்ல கூட கழுத்துப் பட்டன் போட்டுக்கினு குந்தியிருக்காருபா. ஏன்னு கேட்டா சிரிக்கிறாரு." எனக்குக் காரணம் தெரியும். அங்கே யாருக்கும் அவர் நெஞ்சில் இருக்கும் தையல் தெரியாது. தெரிந்தால் அங்கேயும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தால் நாலு பேர் யார், என்ன என்று விசாரிப்பார்கள், விஷயம் வெளியே வந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பை கடையில் ஆணியில் தொங்கியது.

இப்போதெல்லாம் நான் எல்லாக் காகிதத்தையும் படிக்கிறேன். வேலை மெதுவாகிறது, திட்டு வாங்குகிறேன், பரவாயில்லை.

போன மாதம் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், அரசு ஆஸ்பத்திரியிலிருந்து சாலையைத் தாண்டி வந்து காகிதங்களை நீட்டினாள். புருஷனைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம். தாள்களில் சுருக்கம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ரெண்டு, மூணு, ஒண்ணு என்று குறிப்பு. பாரத்தை எடுத்தேன். உடனிருப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர். நோயாளிக்கு உறவுமுறை: தெரிந்தவர்.

"எந்த ஊரும்மா?"

"தென்னேரி."

"இவரு... இவரு நல்லா இருக்காரா?"

"அந்தண்ணாவா? வாலாஜாபாத்ல எங்க வீட்டுக்காரரோட சென்னை பஸ்ஸுக்கு நிக்கிறாரு. காஞ்சிபுரத்துக்குள்ள வரமாட்டாராம். நீ போய் சீட்டு வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கினு வா, நான் அதுக்குள்ள எடம் பாத்து வைக்கறேன்னாரு." அவளே தொடர்ந்தாள். "நேத்து எங்க வீட்டுக்காரரை அவருதான் கைத்தாங்கலா மெயின் ரோடு வரைக்கும் இட்டுக்கினு ஓடியாந்தாரு. நல்ல தெம்புள்ள ஆளு."

ஓடி வந்தார் என்றாள். நான் ஆணியிலிருந்து கூடைப்பையை எடுத்துத் தூசி தட்டினேன். போர்வை, பிளாஸ்க், டம்ளர், பேனா, ஊக்கு, நாளிதழ் எல்லாம் அப்படியே இருந்தன. "இத்த அவருகிட்ட குடுத்துடும்மா. அவருதுதான்."

அவள் பையைத் திருப்பிப் பார்த்தாள். "அவரு உங்களுக்கு இன்னா வேணும்?"

இந்த முறை நான் யோசிக்கவில்லை. "எங்க அண்ணன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா? தனக்கு யாருமே இல்லன்னு தானே சொன்னாரு?"

காகிதங்களைச் சேர்த்து அடுக்கிக் கொடுத்தேன். அவள் பையையும் வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள். எதையாவது மறந்து விட்டுவிட்டுப் போயிருப்பாளோ என்று மூடியைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சரியாக எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.